கீறல் விழாத கப்பல்

மணமேல்குடி
9.2.2025

அன்புத் தம்பி உடையப்பனுக்கு அக்கா ராஜலட்சுமி எழுதுவது.

பட்டறை வேலைக்கு வந்த ஞானமணியைக் கொன்றது நீதான். ஜன்னலை அடைத்து வார்னிஷ் அடித்த பட்டறைக்குள், தின்னர் டின் பக்கத்தில் சூடம் கொளுத்தினேன் என்று கோர்ட்டில் நீயே ஒப்புக்கொண்டாய். ஊரும் அதைத்தான் பேசுகிறது. இனி நானும் அப்படித்தான் பேசியாக வேண்டும். கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் உன் கையில் கொடுப்பார்களாம். அன்றைக்கு யார் எங்கே இருந்தார்கள் என்ற பேச்சு நமக்குள் வேண்டாம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? எனக்குச் சர்க்கரை இருநூற்று எழுபது. கால் வீங்கிக் கிடக்கிறது. திருச்சி வரை பஸ்ஸில் உட்கார முடியாது. மனு போட்டுப் பார்க்க அக்கா வரவில்லையே என்று நினைக்காதே.

பட்டறைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. கருகின சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஓட்டல் ஆர்டருக்குச் செய்த அந்த லாட்டில் தப்பியது ஒரே கப்பல்தான், நீ கடைசியாகச் செய்த மூன்று பாய்மரப் போர்ச்சுகீசிய மாதிரிக் கப்பல். ஹாலில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறேன். நெருப்பிலிருந்து வந்ததா இது என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒரு கீறல் இல்லை. வார்னிஷ் காயாமல் இருந்ததால் என் பச்சைப் பட்டுதான் போயிற்று. முந்தானையெல்லாம் கறை. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

டோகாவில் உன் மச்சான் பேசிப் பேசி அதே ஓட்டலில் பன்னிரண்டு கப்பலுக்கு மறுபடி ஆர்டர் வாங்கிவிட்டார். வெற்றிசெல்வன்தான் இப்போது எல்லாம் பார்க்கிறான். பக்கப் பலகையை வளைத்தால் பட்டுப் பட்டென்று ஒடிகிறது. "மாமா கையில மட்டும் எப்புடி வளஞ்சிச்சு" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறான் பிள்ளை. விவரமாக எழுது. மேல்முறையீட்டுக்கு வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் நலம் நாடும்
அக்கா


மத்திய சிறை, திருச்சி
18.2.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி உடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை விட்டுவிடாதீர்கள். எனக்கு வயிறு பரவாயில்லை. காரம் இல்லாத சாப்பாடு என்பதால் புண் ஆறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். வக்கீல் சொன்னதாகச் சொன்னீர்கள். மூன்று வருடம் என்று வாசித்தபோது நான் வக்கீலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகட்டும்.

தீர்ப்பு மூன்றாம் தேதி. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் என்கிறார் என் பக்கத்தில் படுத்திருக்கும் ஆண்டிச்சாமி. பதினோரு வருடமாக உள்ளே இருக்கிறவர், சட்டம் தெரிந்தவர். சிறை வழியாக நானே மனு எழுதிக் கொடுக்கலாமாம். நீங்கள் வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்.

பலகை விஷயம். நம் போர் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பான். அது உப்பு. மரம் முறுக்கேறி ஒடியும், ஆணியும் துருப்பிடிக்கும். டேங்கரில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊற வேண்டும். பிறகு கெட்டில் ஆவியில் காட்டி, கை பொறுக்கும் சூட்டில் ஒரே மூச்சில் வளைத்து ஆணி அடிக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு போன் எடுத்துப் பேசினால் ஒடியத்தான் செய்யும்.

எழுத வேண்டாம் என்றீர்கள், ஆனால் இது நூல் பற்றியது. அன்றைக்கு அறந்தாங்கியில் வாங்கிய நூல்கண்டுகள் பையோடு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இருக்கின்றன. புகையைப் பார்த்ததும் அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன். மதியம் போட்ட பில்லும் அதற்குள்தான். வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

ஞானமணியின் மகள் எப்படி இருக்கிறாள்? காலேஜ் போகிறாளா?

தம்பி
உடையப்பன்


மணமேல்குடி
14.3.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ மெலியாமல் இருக்கிறாயா?

முப்பது நாள் போய்விட்டதே என்று கலங்காதே. தாமதத்துக்குத் தனியாக ஒரு மனுப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்கிறார் வக்கீல். சிறை வழியாக நீ ஒன்றும் எழுதாதே. எழுதினால் மறுபடி முதலிலிருந்து தோண்டுவார்கள். தோண்டினால் யார் வெளியே வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். அவனுக்கு மூன்று வயதில் உன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை அடித்தோம், காது குத்தினோம். அவன் அழுதபோது நீயும் அழுதாய். தாய்மாமன் மடி என்றால் அது அன்றைக்கு ஒருநாள் கூத்துக்கு மட்டும் இல்லை.

டீக்கடையில் பையை வாங்கிவிட்டேன். நல்ல நூல். வேண்டாத காகிதத்தை எல்லாம் அடுப்பில் போட்டேன்.

நீ சொன்னபடி செய்ததில் பலகை வளைகிறது. இப்போது கயிறுதான் தகராறு. பாய்மர உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் இறங்குகிற கயிறும், அதில் ஏணி மாதிரி குறுக்கே கட்டுகிற கயிறும் தொங்கிப் போகின்றன. எதை முதலில் கட்டுவது, எதைக் கடைசியில் இறுக்குவது? பழைய பொம்பளைகள் ஒருத்தியும் பட்டறைப் பக்கம் வர மாட்டேன் என்கிறாள். ஒரு வருடம் சோறு போட்ட இடம்.

ஞானமணி வீட்டுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்ப, அவர் ஓட்டல்காரர்களிடம் காட்டியிருக்கிறார். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. அந்தப் பெண் பிளெஸ்ஸி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லு தாயி" என்று மூன்று தடவை சொன்னேன். கடைசியில் பல் தெரிந்தது.

அக்கா


மத்திய சிறை, திருச்சி
25.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்களுக்கு இருமல் இருப்பதாக வெற்றி யாரிடமோ சொன்னானாம், இங்கே மீமிசல்காரன் ஒருவன் வழியாகத் தெரிந்தது. மரத்தூள் பக்கம் போகாதீர்கள்.

பில் போனது போகட்டும். நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

கயிறு. நடுப் பாய்மரம் முதலில், முன்மரம் அடுத்து, பின்மரம் கடைசி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாயும். ஏணிக் கயிறைக் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போக வேண்டும், ஒரு கப்பலுக்கு நூற்று அறுபது முடிச்சு. இது நான் கண்டுபிடித்தது இல்லை. முதல் கப்பலுக்கு நான் கட்டியது ஒரு வாரத்தில் தொங்கிப்போனது. ஞானமணிதான் வலை கட்டுகிற முடிச்சைப் போட்டாள். "அண்ணே, மீன் இழுத்தாலே அவுறாது, ஓட்டல்ல சும்மா நிக்கிறதுக்கா அவுறப் போவுது" என்றாள். நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். கத்தரி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வாங்கவில்லை.

ஒன்று. லாட்டு முடிந்தால் சூடம் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலில் இறக்குகிற படகுக்குக் காட்டுகிறோம், கண்ணாடிக்குள் நிற்கிற கப்பலுக்கும் காட்டுகிறோம். ஆனால் கப்பலை வெளியே வேப்பமரத்தடிக்குத் தூக்கி வந்து காட்டுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்தேன். காற்றில் அணைந்தால் மறுபடி கொளுத்துவேன். வீடியோவில் நன்றாக விழாது என்று ஒருநாளும் உள்ளே கொளுத்தியதில்லை.

வக்கீல் என்ன சொல்கிறார்? சிறை போனில் உங்கள் நம்பரைப் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கிறது. வாரத்தில் என் முறை வருவதே ஒரு தடவைதான்.

தம்பி
உடையப்பன்


மணமேல்குடி
2.6.2025

அன்புத் தம்பிக்கு,

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் திருவிழா, கல்யாணம் என்று போய்விட்டது. எழுத முடியவில்லை. சௌக்கியம்தானே? வெயில் அங்கேயும் கொளுத்துகிறதா?

வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. கோர்ட்டும் லீவு. திறந்ததும் முதல் வேலை உன்னுடையதுதான்.

கயிறு நிற்கிறது. யார் கட்டுகிறாள் என்று சொன்னால் ஆச்சரியப்படுவாய். பிளெஸ்ஸி. காலேஜை நிறுத்திவிட்டாள். அவள் அப்பன் குடித்துவிட்டுக் கிடக்கிறான், தையல் மிஷினை விற்றுவிட்டான். நாமாகப் பார்த்து வேலை கொடுத்தோம். அம்மா கை அப்படியே. நூலைப் பல்லால்தான் அறுக்கிறாள். ஊரில் நமக்கு நல்ல பெயர், செத்தவள் மகளுக்கே வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று.

ஆனால் கப்பலின் உருவம் சரியாக வரவில்லை. வயிறு ஒரு பக்கம் பெருத்துப் போகிறது. ஓட்டல்காரன் போட்டோ பார்த்துவிட்டு இது பத்தாயிரம் ரூபாய் பொம்மை, கப்பல் இல்லை என்று மச்சானிடம் சொல்லிவிட்டானாம். ஒவ்வொரு பலகைக்கும் அளவு வெட்டிய அட்டைகள் நீ வைத்திருப்பாயே, அவை பட்டறையில் இல்லை, எரியவும் இல்லை. எங்கே வைத்தாய்? உடனே எழுது. ஆகஸ்ட்டில் அனுப்பாவிட்டால் ஆர்டர் போய்விடும்.

அக்கா


மத்திய சிறை, திருச்சி
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அட்டைகள் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு காரியம்.

வக்கீல் எனக்காக ஆஜராவதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளை அனுப்புங்கள். நான்கு மாதமாக ஒரு கையெழுத்தும் என்னிடம் யாரும் வாங்கவில்லை. கையெழுத்து இல்லாமல் எந்த வக்கீலும் எந்த மனுவும் போட முடியாது என்று ஆண்டிச்சாமி சிரிக்கிறார்.

இரண்டாவது, கதவு. வார்னிஷ் அடிக்கும்போது கடல் காற்றில் மணல் பறந்து வந்து ஒட்டும். அதற்காகக் கதவைச் சாத்தச் சொன்னவன் நான். காற்று கதவை இழுத்து இழுத்துத் திறக்கிறது என்று வெளிப்பக்கம் கொக்கி அடித்தவனும் நான். உள்ளே இருக்கிற பொம்பளைகள் வெளியே போக வேண்டுமென்றால் தட்டிக் கூப்பிட வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஞானமணி ஒரு தடவை கேட்டாள், "அண்ணே, ஒண்ணுக்குப் போறதுக்கும் ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போவணுமா?" எல்லாரும் சிரித்தோம். அன்றைக்குக் கதவு திறந்துதான் கிடந்தது, புகையில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள். நான் வருவதற்குள் அவளை வெளியே போட்டிருந்தார்கள். இருந்தாலும் அந்தக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் வையுங்கள். இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பது அவள் மகள்.

தம்பி
உடையப்பன்


மணமேல்குடி
13.6.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. இன்றைக்கே எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தாள் இத்துடன் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கொக்கியைக் கழற்றியாயிற்று. வெற்றியே ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கழற்றினான். நம் குலதெய்வத்தின் மேல் சத்தியம். அட்டை எங்கே?

அக்கா


மத்திய சிறை, திருச்சி
20.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன்.

அட்டைகள் என் வீட்டில், சமையல் அறைப் பரணில், பழைய எவர்சில்வர் அரிசி டிரம்முக்குள் இருக்கின்றன. மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் எண் இருக்கிறது. பதினேழாம் எண் அட்டையின் ஓரம் எலி கடித்தது, அந்த இடத்தில் ஒரு நூல் அளவு கூட்டி வெட்ட வேண்டும். இனி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மேல்முறையீட்டு நம்பர் வந்ததும் எழுதுங்கள். உங்களை நம்பித்தான் இருக்கிறேன். இருமல் குறைந்ததா?

தம்பி
உடையப்பன்


மத்திய சிறை, திருச்சி
3.10.2025

அக்காவுக்கு,

மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பிளெஸ்ஸி சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை மனு போட்டுப் பார்க்க வந்திருந்தாள். நான் உள்ளே வந்து எட்டு மாதம் ஆகிறது, என்னைப் பார்க்க வந்த முதல் ஆள் அவள். பன்னிரண்டு கப்பலும் ஆகஸ்ட் கடைசியில் போய்விட்டதாம். கடைசிக் கப்பலுக்கு உள்ளே வைத்தே சூடம் காட்டினீர்களாம். வெற்றி வீடியோ எடுத்தானாம். "எங்க ஆளுக சூடம் காட்ட மாட்டோம்க்கான்னு சொன்னேன். தட்ட மட்டும் புடிடின்னாங்க" என்றாள். தட்டைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தாளாம். புதுக் கதவிலும் அதே கொக்கி, வெளிப்பக்கம். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாயே, அந்தக் கொக்கி.

பழைய கதவைக் கவிழ்த்துப் போட்டு மேசையாக வைத்திருக்கிறீர்கள். நான்கைந்து மாதமாக அதன்மேல் வைத்துத்தான் அந்தப் பெண் கயிறு கட்டியிருக்கிறாள். லாட்டு முடிந்து மேசையைக் கழுவிக் காய வைக்கத் திருப்பியிருக்கிறாள். "உள்பக்கம் பூராம் கீறல்ண்ணே. மேல இல்ல, கீழ. மொழங்கால் ஒயரத்துல. அம்மாவுக்கு வலது கையில நாலு நகம் இல்லாம இருந்துச்சு. நெருப்புல போயிருக்கும்னு சொன்னாங்க" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அதற்கு மேல் கேட்டாள், "நீங்க பஸ்ஸ விட்டு எறங்குனத நானே பாத்தேன். அம்மாவுக்குச் சோறு கொண்டுக்கிட்டு வந்துக்கிட்டிருந்தேன். அப்பறம் எதுக்குண்ணே ஒத்துக்கிட்டீங்க?" தாய்மாமன் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

அன்றிலிருந்து உன் முதல் கடிதத்தை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். அந்தக் கப்பல் மூன்றடி நீளம். அதைக் கதவு நிலை வழியாக வெளியே கொண்டு வருவது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. வேப்பமரத்தடிக்கு அத்தனை கப்பலையும் தூக்கியவன் நான். நேராக வந்தால் நடுப் பாய்மரம் நிலையில் இடிக்கும். மார்போடு சேர்த்து அணைத்து, பக்கவாட்டில் சாய்த்து, ஒவ்வொரு மரமாக வெளியே விட்டு, அடிமேல் அடி வைத்து வர வேண்டும். தனி ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு கையும் வேண்டும். ஒரு கீறல் இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

சூடம் கொளுத்தியது வெற்றி. பற்றியதும் ஓடிவந்துவிட்டான். அன்றைக்கு என் மேல் விழுந்து அழுதபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அதில் வார்னிஷ் இல்லை. உன் பச்சைப் பட்டில் இருந்தது.

உள்ளே போனது நீ. ஞானமணியை எழுப்பிக் கூட்டிவர அரை நிமிடம் போதும். நீ கப்பலைத் தூக்கினாய். வெளியே வந்து, அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாய். காற்று போனால் தீ ஏறும், மிச்சக் கப்பலும் போகும் என்று நினைத்திருப்பாய். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த புத்திதான்.

பிள்ளைக்காக உள்ளே போ என்றாய், வந்தேன். உனக்காக என்று நீ சொல்லவே இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கொக்கியை மாட்டும்போது ஞானமணி உள்ளே இருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

உடையப்பன்


மத்திய சிறை, திருச்சி
4.11.2025

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது?

சிறை வழியாக நானே மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் பொறுமையாகப் படித்தார். அன்றைக்கு நான் அறந்தாங்கியில் இருந்ததற்கு என்ன ஆதாரம், பில் ஏதாவது உண்டா என்று கேட்டார். இருந்தது என்றேன். பிளெஸ்ஸியின் பெயரைச் சொன்னேன். அதற்கு அடுத்த வாரமே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டாய் என்று மீமிசல்காரன் சொல்கிறான். வெற்றிக்கு விசா வந்துவிட்டதாமே. கதவையும் விறகுக்கு உடைத்துவிட்டீர்களாம்.

அதையெல்லாம் நான் கேட்கவில்லை. போன கடிதத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

உடையப்பன்


மத்திய சிறை, திருச்சி
14.12.2025

ராஜலட்சுமிக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உனக்குக் கிடைத்ததற்கான தபால் ஒப்புகை அட்டை உன் கையெழுத்தோடு எனக்கு வந்துவிட்டது. கை நடுங்காமல் போட்டிருக்கிறாய். சௌக்கியமாகத்தான் இருக்கிறாய்.

ஒரு தாளும் தபால்தலை ஒட்டிய உறையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உறையில் என் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். வெற்றியின் பெயர் வேண்டாம். கப்பல் வேண்டாம். நலமா என்றுகூட நீ கேட்க வேண்டாம்.

தெரியும். தெரியாது. இரண்டில் ஒன்றை எழுதி அனுப்பு.